சித்தேரிக்கு எடுத்துப்போன இடது கால் ஷூ

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தேரி மலைக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என்னோடு வேலை செய்த பூங்கொடியைப் பார்க்கவும், அவளுக்காகச் செய்த ஷூவைக் கொடுக்கவும் போனேன். ஷூ என்றால் ஜோடி இல்லை, ஒன்றுதான். இடது காலுக்கு மட்டும்.

ஒகேனக்கல் போனதை இங்கே எழுதியபோது, மலை ஊர்களைப் பற்றியும் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். பஸ், தூரம், டிக்கெட் எல்லாம் சொல்கிறேன். ஆனால் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லாமல் பஸ்ஸை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

நான் காரிமங்கலம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு முடிந்ததும் இங்கே சேர்ந்தேன், இப்போது இருபது நடக்கிறது. ஓடுவதற்கும் விளையாடுவதற்கும் போடுகிற ஷூ இங்கே தயாராகிறது. இதன் மேல்பாகம் தோல் இல்லை, ரெக்சின் இல்லை, நூலில் பின்னியது. ஸ்வெட்டர் பின்னுவது மாதிரி ஒரு பெரிய மெஷின், மேலே அடுக்கியிருக்கிற நூல்கண்டுகளிலிருந்து இழுத்து, ஒரே துண்டாகப் பின்னித் தள்ளும். வெளியே வரும்போது இறக்கை விரித்த வௌவால் மாதிரித் தட்டையாக இருக்கும். குதிகால் பக்கம் சேர்த்துத் தைத்து, கால் வடிவத்தில் இருக்கிற கட்டையில் மாட்டி ஆவி காட்டினால் ஷூ உருவம் வந்துவிடும். பின்னலுக்குள் ஓடுகிற நூலில் ஒன்று சூட்டில் உருகக்கூடியது. அது உருகி இறுகின இடம் விறைப்பாக நிற்கும். அது இல்லாத இடம் காலோடு சேர்ந்து மடங்கும். எங்கே விறைப்பாக இருக்கவேண்டும், எங்கே இளகவேண்டும் என்று பார்த்துப் பார்த்து மாற்றுவதுதான் டிசைன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

புது மாடல் செய்கிற இடத்துக்கு சாம்பிள் ரூம் என்று பெயர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முடிவாகிற வரைக்கும் வலது கால் ஷூ மட்டும்தான் செய்வார்கள். வலது சரியாக அமைந்துவிட்டால் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு இடது எடுத்துக்கொள்ளலாம், எதற்கு நூலை வீணாக்க வேண்டும் என்பது கணக்கு. கட்டைகூட வலதுதான் வைத்திருந்தோம்.

கட்டைக்குப் பொருந்தினால் போதாது. ஆள் காலில் போட்டு நடந்து பார்க்கவேண்டும். பெண்களுக்கான மாடலுக்கு எங்கள் கம்பெனியில் நாலாம் நம்பர்தான் சாம்பிள் சைஸ். பூங்கொடியின் வலது கால் அச்சில் வார்த்த மாதிரி நாலாம் நம்பர். தையல் லைனில் இருந்த அவளை டிசைனர் சார் சாம்பிள் ரூமுக்கு எடுத்துக்கொண்டார். என்னை உதவிக்கு வைத்தார்கள். பின்னல் மெஷினில் விமலா அக்கா.

வலது காலில் புது ஷூ, இடது காலில் ரப்பர் செருப்பு. அப்படித்தான் பூங்கொடி நாள் முழுக்க ரூமுக்குள் நடப்பாள். "ஒரு காலு அமெரிக்காவுல, ஒரு காலு அரூர்லயா" என்று விமலா அக்கா கிண்டல் பண்ணுவார். கம்பெனிக்கு வருகிறவரைக்கும் ஷூவே போட்டதில்லையாம் அவள். மலையில் வெறுங்காலோடு நடந்து கால் விரல்கள் விரிந்திருக்கும். அதனாலேயே எந்த இடம் இறுக்கினாலும் உடனே தெரிந்துவிடும். "சார், இங்க கடிக்குது" என்று நின்ற இடத்திலேயே சொல்வாள். நான் குனிந்து அவள் காட்டின இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டைப் பார்த்து டிசைனர் சார் பின்னலை மாற்றுவார். மறுநாள் வேறு ஷூ வரும். திரும்பவும் கடிக்கும், இல்லாவிட்டால் குதிகாலில் நழுவும்.

நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அந்த ரூமில் நான் பேசவேண்டிய அவசியமே வரவில்லை. எனக்கும் சேர்த்து அவள் பேசினாள்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம், அந்த வாரம் செய்த சாம்பிள்களை எல்லாம் கட்டரால் முன்பக்கம் குறுக்கே வெட்டிப் போடவேண்டும். கடைக்கு வராத மாடல் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. முடிவான ஒன்றை மட்டும் சீல் வைத்து பீரோவில் பூட்டுவார்கள். பூங்கொடி போட்டு நடந்த ஷூ எல்லாவற்றையும் நான்தான் வெட்டினேன்.

தீபாவளி லீவுக்கு அவள் ஊருக்குப் போனாள். திரும்பி வரும்போது மழை. பஸ்ஸை விட்டுவிட்டதால் புளி மூட்டை ஏற்றுகிற பிக்கப் வண்டியில் ஏறியிருக்கிறாள். மலை இறங்குகிற வளைவில் வண்டி வழுக்கிச் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் நாலு பேர் போனோம். உள்ளே விடவில்லை. வெளியே வராந்தாவில் நின்ற அவளுடைய அண்ணன் சின்னராசு, "கால எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். முட்டிக்குக் கீழே என்று கையால் காட்டினார். அதற்குமேல் அவராலும் பேச முடியவில்லை, எங்களாலும் முடியவில்லை. அன்றைக்குக் கம்பெனி ஹாஸ்டலில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. விமலா அக்கா தன் வலது காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்து எங்களுக்கு லீவு கிடைப்பதற்குள் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன் பண்ணினால் எடுக்கமாட்டாள், அண்ணன்தான் எடுப்பார். எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். "இருக்குதுங்க" என்பார். தை மாதம் ஒரு தடவை அவராகவே சொன்னார்: "இருக்கிற காலையும் தரையில ஊன மாட்டேங்குதுங்க. கட்டைய அக்குள்ள குடுத்தா தூக்கிப் போடுது. நான்தான் தூக்கிக்கினு போய் வெளிய உக்கார வெக்கிறேன். ஒரு தடவ ஊனிட்டான்னா போதும், அப்பறம் நடந்துக்குவா."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இருக்கிற காலுக்கு ஒரு ஷூ செய்துகொடுத்தால் ஊன்றுவாளோ என்று. அவள் நடந்து நடந்து சரிபண்ணின மாடல் அப்போதுதான் முடிவாகியிருந்தது. டிசைனர் சாரிடம் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் டேபிள் வரைக்கும் போவேன், நூல்கண்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். கடைசியில் விமலா அக்கா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். நான் சொன்னதை சார் முழுக்கக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரில் அந்த மாடலைத் திறந்து அவரே இடதாகத் திருப்பிப் போட்டார். சாப்பாட்டு நேரத்தில் விமலா அக்கா மெஷினை ஓட்டினார். இடது கட்டை சாம்பிள் ரூமில் இல்லை என்று கீழே போய்க் கேட்டு வாங்கிவந்தோம். குதிகால் தையலை நான் போட்டேன். கணுக்கால் பக்கம் மட்டும் சிவப்பு நூல். அவளுக்குச் சிவப்பு பிடிக்கும்.

வெளியே எடுத்துப்போக சார் ஒரு கேட்பாஸ் கொடுத்தார். வாட்ச்மேன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒத்த ஷூவ வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ" என்றார். ஒருத்தருக்கு அதுதான் வேண்டும் என்று சொன்னேன்.

காலை ஆறு பத்துக்குக் காரிமங்கலத்தில் பஸ் ஏறினேன். தர்மபுரி இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபது ரூபாய். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு அரூர் பஸ் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள். மாசியில் இரண்டு பக்கமும் மாமரம் பூத்திருக்கும். நான் அதை அவ்வளவாகப் பார்க்கவில்லை. பூங்கொடியிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அரூரிலிருந்து சித்தேரி இருபத்தாறு கிலோமீட்டர். மலை பஸ் ஒன்பதரைக்குக் கிளம்பியது, இருபத்தைந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். அரிசி மூட்டை, சிலிண்டர், ஒரு ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறின. கண்டக்டர் என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "கெட்டியா புடிச்சிக்க பாப்பா. மேல வெச்சா வளைவுல எவன் தலையிலயாவது உழும்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா யாருக்கு ஷூ என்று விசாரித்தார். கூட வேலை செய்கிறவளுக்கு என்றேன். கல்யாணமா என்று கேட்டார். இல்லைங்க என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன்.

காட்டிலாகா செக்போஸ்ட் தாண்டினதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. வளைவுக்கு வளைவு குளிர் கூடும். தலைசுற்றல் இருப்பவர்கள் முன் சீட்டில் உட்காருவது நல்லது. மூங்கில் காடும், கீழே தெரிகிற சமவெளியும் அழகுதான். ஆனால் ஒவ்வொரு வளைவு வரும்போதும் இதுவாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். எந்த வளைவு என்று எனக்குத் தெரியாது. கண்டக்டருக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

சித்தேரியில் இறங்கும்போது பதினொரு மணி. சின்னராசு அண்ணன் பைக்கோடு நின்றார். அவர்கள் வீடு அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் உள்ளே. வழியெல்லாம் புளி உலுக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் என் டப்பாவை ஒரு தடவை பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளே முதலில் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

பூங்கொடி வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து புளி ஓடு தட்டிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து தரை வரைக்கும் ஒரு போர்வை. முன்னால் கோணி விரித்துப் புளி கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கட்டை அப்படியே நின்றது.

"ஏன்டி ரேவதி, நீயா? வாயத் தொறந்து டிக்கெட் கேக்கவே கூச்சப்படுவ. மூணு பஸ்ஸு மாறி வந்துட்டியா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து, "வா கண்ணு, வெயில்ல நிக்காத" என்று கையைப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். மோர் கொடுத்தார். பூங்கொடி மெலிந்துபோயிருந்தாள். விமலா அக்கா, கேன்டீன் குழம்பு, பக்கத்து ரூம் சண்டை என்று எல்லாவற்றையும் விசாரித்தாள். காலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போர்வை அப்படியே இருந்தது.

மனசுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் புளிக் கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்து ஷூவை வெளியே எடுத்தாள். உடனே அவள் கைக் கட்டைவிரல், ஷூவில் கால் பெருவிரல் முட்டி வருகிற இடத்துக்குப் போய் அழுத்திப் பார்த்தது. ரூமில் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள்.

"இங்க உருகுற நூல கொறச்சிட்டாரு போல."

"நீ கடைசியா சொன்னல்ல, அப்படியே மாத்திட்டாரு" என்றேன்.

"செகப்பு நூலு யாரு போட்டா?"

நான்தான் என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். திரும்பவும் நிமிர்த்தினாள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது எடது இல்ல?"

"ஆமா. உனக்குன்னு தனியா பண்ணினோம். சாரே கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டாரு."

அவள் ஷூவை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு போர்வையை ஒதுக்கினாள். வலது கால் இருந்தது. விரிந்த விரல்களோடு, பெருவிரல் பக்கத்தில் காய்ப்போடு, நான் எத்தனையோ தடவை சாக்பீஸ் வைத்துக் குனிந்த அதே கால். இடது பக்கம் முட்டிக்குக் கீழே துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"எந்தக் காலுன்னு ஒருத்தர் கூட கேக்கலியாடி?"

டிசைனர் சார் கேட்கவில்லை. விமலா அக்கா கேட்கவில்லை. கேட் வாட்ச்மேன் வரைக்கும் யாருக்கும் அந்தச் சந்தேகமே வரவில்லை. சாம்பிள் ரூமில் பூங்கொடியின் கால் என்றால் வலது கால். அவளுக்கு இன்னொரு கால் இருந்ததே எங்கள் நினைப்பில் இல்லை. ரப்பர் செருப்பு போட்டிருந்த அந்தக் காலை நான் ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

"எங்களுக்கு உன் காலுன்னா வலதுதான்டி" என்று சொன்னேன். எனக்கே கேட்காத மாதிரிதான் சொல்லியிருப்பேன்.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டாள். "நான் போட்டு நடந்த வலது எல்லாம் இருக்குமே. அதுல ஒன்னு எடுத்தாந்திருக்கலாமே."

"சனிக்கிழம சனிக்கிழம வெட்டிடுவோம் இல்ல."

"நீதான் வெட்டின."

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

தலையாட்டினேன். ஒன்று மட்டும் சீல் வைத்து பீரோவில் இருக்கிறது என்றேன். அதை எடுக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஒரு வருஷமாக வாரம் தவறாமல் செய்து, அவள் காலுக்குப் பொருந்தவைத்து, என் கையால் வெட்டிக் குப்பையில் போட்டோமே, அதில் ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மெனக்கெட்டு, திருப்பிப் போட்டு, கட்டை கடன் வாங்கிச் செய்தது அவளுக்கு ஆகவில்லை.

அவள் அம்மா ஷூவை வாங்கித் தடவிப் பார்த்தார். "கட்டக் காலு வெச்சா இது அதுக்கு ஆவும் இல்ல? டாக்டரு சொன்னாரே" என்றார், என் முகத்தைப் பார்த்து.

"ஆவும். கட்டைக்குக் கடிக்கவா போவுது" என்றாள் பூங்கொடி. அம்மா ஷூவை அவள் மடியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பூங்கொடி திரும்பவும் புளி ஓடு தட்ட ஆரம்பித்தாள். பிறகு அவள் கட்டையைக் கீழே போட்டாள். அந்த இடது ஷூவை எடுத்து, முடிச்சைத் தளர்த்தி, வலது காலில் நுழைக்க ஆரம்பித்தாள். வேண்டாம்டி என்று தடுத்தேன், கேட்கவில்லை. பின்னல் என்பதால் நீண்டு கொடுத்தது. தோல் ஷூவாக இருந்தால் ஏறியிருக்காது. அடிப்பாகம் ஒரு பக்கம் வளைய, கால் இன்னொரு பக்கம் வளைந்து, பார்க்கவே சகிக்கவில்லை.

"அந்தக் கட்டைய எடு" என்றாள். சுவரோரம் சாத்தியிருந்த அக்குள் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளை அழுத்தி எழுந்தாள். மூன்று மாதமாக ஊன்றாத கால் நடுங்கியது. பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னராசு அண்ணன் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். கோணியைச் சுற்றி நாலைந்து அடி வைத்தாள். பிறகு நின்று, ரூமில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"சுண்டு வெரலுகிட்ட கடிக்குது. பெருவெரலுகிட்ட காலியா கெடக்குது."

நான் பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டேன். கையில் சாக்பீஸ் இல்லை. தரையில் கிடந்த சுண்ணாம்புக் காரைத் துண்டு ஒன்றை எடுத்து அவள் சொன்ன இடத்தில் கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. அந்த ஷூவை யாரும் மாற்றப்போவதில்லை. அவளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேரில் உட்கார்ந்து முகத்தைப் போர்வையில் மூடிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போது கேட்டாள், அவள் இடத்தில் இப்போது யார் நிற்பது என்று. அதை எப்படிச் சொல்வது என்றுதான் மூன்று பஸ்ஸிலும் யோசித்துக்கொண்டு வந்தேன். என் காலும் நாலாம் நம்பர்.

"நான்தான்" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கடிச்சா சொல்றியா?"

சொல்வதில்லை. சார் கேட்பார், பரவாயில்லை சார் என்பேன். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. விமலா அக்காவாவது என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொல்வார்.

"நீ சொல்லலன்னா போடறவளுக்கெல்லாம் கடிக்கும்டி" என்றாள். "சொல்லு. நான் சொன்னேன்னு நெனச்சிக்கினு சொல்லு."

மூன்றரைக்குக் கிளம்பினேன். ஷூவை டப்பாவில் வைத்து அவளே என் கையில் கொடுத்தாள். அம்மா இருக்கட்டும் என்றார், அவள் கேட்கவில்லை. "இத வூட்ல வெச்சிக்கினு தெனமும் பாக்க என்னால ஆவாது" என்றாள். சின்னராசு அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்தபோதுதான் வாய் திறந்தார். "கடிக்குதுன்னு சொன்னாலும் கால ஊனிடுச்சிங்க" என்றார்.

திங்கட்கிழமை நானாகவே டிசைனர் சார் டேபிளுக்குப் போனேன். எடுத்தது இடது கால், வலது கால் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவள் திரும்ப வரலாமா என்று கேட்டேன். வலது கால் ஒன்றுதானே சார் நமக்கு வேண்டும் என்றேன். அப்படிக் கேட்டது நானா என்று எனக்கே ஆச்சரியம். அவர் என்னைத் திட்டவில்லை. "ஒரு ஷூவ நடந்து பாக்கறதுக்கும் ரெண்டு கால் வேணுமேம்மா" என்றார். கட்டைக் கால் வைத்துப் பழகிக்கொண்டு வந்தால் தையல் லைனில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். அது சரிதான். ஆனால் அவள் நடக்கிறவள்.

அந்த வாரமே அதே மாடலில் வலது ஒன்று பின்னினோம். இந்த முறை என் காலில் போட்டுப் பார்த்தேன். நுனியில் கொஞ்சம் இறுக்கியது. "சார், இங்க கடிக்குது" என்றேன். ரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விமலா அக்கா சாக்பீஸ் எடுத்துவந்து கோடு போட்டார். மறுநாள் சரியாக வந்தது. அதே சிவப்பு நூல். அரூர் வரைக்கும் எடுத்துப்போய், மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன்.

சித்தேரி போக நினைப்பவர்களுக்கு: அரூரிலிருந்து பஸ் குறைவு, நேரம் மாறிக்கொண்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிட்டு நம்புங்கள். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள், சரக்கு வண்டியில் மட்டும் ஏறாதீர்கள், அதுவும் மழையில். மேலே எல்லா இடத்திலும் போன் சிக்னல் கிடைக்காது. போர்வையோ ஸ்வெட்டரோ எடுத்துப்போங்கள். போகவர பஸ்ஸுக்கு மட்டும் எனக்கு நூற்றி அறுபது ரூபாய் ஆனது. ஒருவருக்கு ஏதாவது எடுத்துப்போவதாக இருந்தால், முதலில் போன் பண்ணி, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிட்டுப் போங்கள். எங்கள் சங்கடத்தை நாங்கள் காப்பாற்றிக்கொண்டதால்தான் அவள் அன்றைக்கு அந்தப் போர்வையை விலக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

இடது ஷூ என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சுண்ணாம்புக் கோடு அழியவில்லை. சனிக்கிழமை அதை நான் வெட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

போன வாரம் சின்னராசு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். வலது வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். வழக்கமாக அதோடு வைத்துவிடுவேன். இந்தத் தடவை போட்டுக்கொண்டாளா என்று கேட்டேன்.

"பொட்டியத் தொறக்கலீங்க. கட்டிலுக்கு அடியில வெச்சிருக்குது" என்றார். பிறகு, "நேத்து கட்டைய எடுத்துக்கினு புளியமரம் வரைக்கும் தானா போயிட்டு வந்துச்சி" என்றார்.

எதைப் போட்டுக்கொண்டு என்று கேட்டேன்.

"ஒன்னும் போடலீங்க. வெறுங்காலுதான்."